குளிரில் போட்ட ஓட்டைகள்

என் மனைவியின் அக்காவை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. பதினோரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அதில் ஒரு நாளாவது நாங்கள் இருவரும் சிரித்துப் பேசியதாக யாராவது சொன்னால், அவர்கள் வேறு யாரையோ பார்த்திருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவது அவளுடைய கதை. இனிக்க இனிக்கச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். பொய் மட்டும் சொல்ல மாட்டேன். அவள் விஷயத்தில் ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, அதுவே இந்த ஜென்மத்துக்குப் போதும்.

கிளப்பில் அவளை எல்லோரும் 'ஆணி' என்பார்கள், முதுகுக்குப் பின்னால். அதற்கு இரண்டு காரணங்கள். அவள் இடுப்பில் எப்போதும் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு ஸ்குரூ டிரைவர் செருகியிருக்கும். புல்வெளியில் நடந்துகொண்டே அதை எடுத்து அங்கங்கே மண்ணில் குத்திப் பார்ப்பாள். சுலபமாக இறங்கினால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த இடத்துக்குப் போவாள். பாதியில் நின்றுவிட்டால் மண் இறுகிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அந்தப் பக்கம் நடந்த அத்தனை பேரையும் அவர்கள் பரம்பரையோடு சேர்த்து இழுப்பாள். இரண்டாவது காரணம் அவளுடைய அந்த வாய்தான்.

கிளப் என்றால் பெரிய கற்பனை வேண்டாம். ஒரு பழைய கட்டடம், சீட்டாட நாலு மேஜை, டீ போட ஒரு சமையலறை. ஆனால் பின்பக்கம் ஒன்றரை ஏக்கருக்குப் புல்வெளி. அதுதான் அந்த இடத்தின் முகம். உறுப்பினர்கள் விருந்தாளிகளைக் கூட்டிவந்து, தாங்களே நட்டு வளர்த்தது போல் கையை நீட்டிக் காட்டுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டவள் ஆணி. ஒரு உறுப்பினர் செல்போனில் பேசிக்கொண்டு ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தால், நேரே போய் எதிரில் நிற்பாள். "சார், இங்க பாதை போடச் சொல்லி உங்ககிட்ட யாரும் கேட்டாங்களா?" என்பாள். அவர் பெரிய வக்கீலாக இருப்பார். அதைப் பற்றி அவளுக்கு என்ன கவலை.

அவளுடைய அப்பா அதே கிளப்பின் வாசலில் வாட்ச்மேனாக இருந்தவர். அம்மா இறந்தபோது ஆணிக்குப் பதினாறு வயது, என் மனைவிக்கு நாலு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, கிளப் சமையலறையில் கப் கழுவப் போனாள். தங்கைக்குத் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்துதான் முதல் கப்பைத் தொடுவாள். பத்து வருஷம் அப்படியே ஓடியது. ஒரு நாள் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் செயலாளரோடு சண்டை போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நல்ல வெயில் காலம். ஐந்து நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட ஆளில்லை. ஆறாம் நாள் இவள் கப்பை அப்படியே போட்டுவிட்டுப் போய் வால்வைத் திறந்தாள். யார் சொல்லித் திறந்தாய் என்று செயலாளர் கேட்டாராம். "காயுதுல்ல? அதுக்கு யாராவது சொல்லணுமா?" என்றாளாம். புது ஆள் வரும்வரை நீயே பார்த்துக்கொள் என்றார்கள். புது ஆள் வரவே இல்லை.

அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. கொன்று கொன்றுதான் கற்றுக்கொண்டாள். முதல் வருஷம் ஒட்ட வெட்டி ஒரு பக்கம் முழுக்க மொட்டையாக்கினாள். இரண்டாம் வருஷம் காய்ந்த மண்ணில் உரத்தைக் கொட்டி, போட்ட இடமெல்லாம் கருக்கினாள். மூன்றாம் வருஷத்திலிருந்து தப்பு செய்யவில்லை. என்னைப் போன்ற ஆட்களுக்கு எரிச்சலூட்ட அது ஒன்றே போதும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே ஒரு முறை ஒருவர் பார்க்க வந்தாராம், பேங்கில் கடைநிலை ஊழியர். வீட்டுக்குக் குறுக்கு வழியாக, முந்தின நாள்தான் மணல் தூவிய புல்வெளி வழியாக நடந்து வந்திருக்கிறார். ஜன்னலில் நின்று பார்த்தவள் வெளியே வந்து, "வந்த வழியே போயி, பாதையில சுத்தி வாங்க" என்றிருக்கிறாள். அவர் வந்த வழியே போனார். சுற்றி வரவில்லை.

வீடு என்று சொன்னது, பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் கிளப் கொடுத்த மூன்று அறைகள். அந்த வேலையைச் செய்கிறவருக்கு அந்த வீடு. முன்னறை அவளுடையது, காற்றும் வெளிச்சமும் அங்கேதான். நடு அறை சமையலுக்கு. பின்னறை எங்களுக்கு. அதன் ஜன்னலைத் திறந்தால் மோட்டார். மோட்டார் ஓடும்போதெல்லாம் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருக்கும். பதினோரு வருஷம் அந்தச் சத்தத்தில்தான் காலையில் கண் விழித்தேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை பெருமையானது இல்லை. ரேடியோ, மிக்சி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மூடும்படி ஆயிற்று. மனைவி அக்காவிடம் அழுதாள். அக்கா கமிட்டியிடம் பேசினாள். எனக்கு ஸ்டோர்கீப்பர் வேலை கிடைத்தது, தலைக்கு மேல் கூரையும் கிடைத்தது. அதை அவள் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் வேறு மாதிரி. நான் சோற்றில் கையை வைப்பேன், முதல் கவளம் வாய்க்குப் போயிருக்காது. "மாப்ள, ஸ்டோர்ல பெரிய கத்திரி ரெண்டு இருக்கணும். ஒண்ணுதான் தொங்குது."

"இன்னொண்ணு சாணை பிடிக்கக் குடுத்திருக்கேன் அண்ணி."

"எழுதி வெச்சீங்களா?"

"காலைல எழுதிக்கறேன்."

"காலைல நான் பாக்கறேன்."

அவ்வளவுதான். குரலை உயர்த்த மாட்டாள். என் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்பது வயதைத் தாண்டிய ஆள், பள்ளிக்கூடப் பையன் மாதிரி நோட்டைக் காட்ட வேண்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த முன்னறையில் காலை நீட்டிப் படுத்து, 'இது என் வீடு' என்று சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

இப்போது புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று புரியாது.

எங்கள் கிளப்பில் இருப்பது வெயிலில் வளரும் புல். சூடு ஏற ஏறத்தான் அதற்குக் கொண்டாட்டம். தரைக்கு மேலேயும் கீழேயும் கொடி ஓட்டிப் பரவும். குளிர் வந்தால் வைக்கோல் நிறத்துக்கு மாறி அப்படியே கிடக்கும். பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்பார்கள். அது தூங்குகிறது. அந்த மாதங்களில் ஆணி வெட்ட மாட்டாள், உரம் போட மாட்டாள், தண்ணீரும் எப்போதாவது ஒரு தடவைதான். யாராவது ஏன் இப்படிக் காய்ந்து கிடக்கிறது என்று கேட்டால், "நீங்க தூங்கும்போது நான் வந்து கேட்டனா?" என்பாள்.

வெயில் திரும்பி, புல் முழுக்கப் பச்சையாகி, மூன்று நாலு முறை வெட்டிய பிறகுதான் வருஷத்துக்கு ஒரு தடவை செய்யும் பெரிய வேலையைத் தொடுவாள். ஓட்டை போடுவது. வருஷம் பூராவும் ஆட்கள் மிதித்து மிதித்து இறுகிய மண்ணுக்குள் காற்றும் தண்ணீரும் போக வழி செய்ய வேண்டும். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு மண்ணை நனைப்பாள். காலையில் குத்திப் பார்ப்பாள். அடுத்து, தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலைகள் மண்ணோடு மண்ணாக ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி நடுவாள். முப்பத்தாறு குச்சிகள். அதற்கப்புறம்தான் மெஷினைக் கிளப்புவாள். உருளையில் வரிசையாக இரும்புக் குழாய்கள். அவை மண்ணில் இறங்கி, விரல் நீளத்துக்கு மண்ணைப் பிடுங்கி வெளியே துப்பிக்கொண்டே போகும். ஒரு முறை நீளவாக்கில், ஒரு முறை குறுக்கே. துப்பிய மண்ணை அள்ள மாட்டாள். காயவிட்டு, இரும்பு வலையை இழுத்துப் பொடியாக்கி, மேலே சலித்த மணலைத் தூவி, துடைப்பத்தால் ஓட்டைகளுக்குள் தள்ளுவாள். மூன்று வாரத்தில் புல் மூடிக்கொள்ளும். மெத்தை மாதிரி இருக்கும்.

அந்த இடைப்பட்ட நாட்கள்தான் எங்களுக்கு வேடிக்கை. ஒன்றரை ஏக்கரிலும் விரல் விரலாக மண் உருண்டைகள் கிடக்கும். ஒரு வருஷம் புதிதாக வந்த கமிட்டி உறுப்பினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, 'நாய் வளர்க்கும் உறுப்பினர்கள் கவனத்திற்கு' என்று கடுமையாக ஒரு நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டார். நோட்டீஸ் மூன்று நாள் தொங்கியது. ஆணி அதைக் கிழிக்கவில்லை. "இருக்கட்டும். மிதிக்காம நடப்பாங்க" என்றாள்.

போன வருஷம் கிளப்புக்குப் புதுத் தலைவர் வந்தார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். நாற்பது வருஷம் பல்லில் ஓட்டை போட்டவர் என்பதாலோ என்னவோ, ஓட்டை என்றால் தனக்குத்தான் தெரியும் என்று ஒரு எண்ணம். கிளப்பின் ஐம்பதாம் ஆண்டு விழா குளிர் மாதத்தின் கடைசியில் வந்தது. விழாவுக்குள் புல் பச்சையாக இருக்க வேண்டும் என்றார். எங்கேயோ எதையோ படித்திருக்கிறார். குளிர் தொடங்கும்போது ஓட்டை போடுவதுதான் சிறந்தது என்று அதில் போட்டிருந்ததாம். அது குளிர் நாட்டில், குளிரில் வளரும் புல்லுக்குச் சொன்னது. மனுஷர் எந்தப் புல்லுக்கு என்ற வரியைத் தாண்டிப் படித்துவிட்டார்.

கமிட்டிக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். டீ பாத்திரங்களை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுக்க நானும் அங்கே நின்றேன்.

"அடுத்த வாரம் ஓட்டை போட்டுடும்மா" என்றார் பல் டாக்டர்.

"முடியாது சார்."

"முடியாதுன்னா?"

"இது வெயில் புல்லு. இப்ப அது தூங்கப் போகுது. இப்ப குத்துனா அந்த ஓட்டைய மூடறதுக்கு அதுகிட்ட தெம்பு இல்ல. குளிர் போற வரைக்கும் வாயப் பொளந்துகிட்டே கிடக்கும், களைதான் வந்து உக்காரும்."

"நான் படிச்சுட்டுத்தாம்மா சொல்றேன்."

"நீங்க பல்லு பாக்கும்போது நான் வந்து சொன்னனா சார், அந்தப் பல்ல விடுங்க, இந்தப் பல்லப் புடுங்குங்கன்னு?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பல் டாக்டரின் காது சிவந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் வேலைக்கு ஆபத்து என்று. சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தது.

மறுநாள் மத்தியானம் பல் டாக்டர் ஸ்டோருக்கு வந்தார். அந்த அறைக்குள் எந்தத் தலைவரும் வந்து நான் பார்த்ததில்லை. கயிற்றுச் சுருள்களை ஏற இறங்கப் பார்த்தார். மெஷினைத் தொட்டுப் பார்த்தார்.

"இத ஓட்டத் தெரியுமா உனக்கு?"

"பதினோரு வருஷமா பாத்துட்டிருக்கேன் சார்."

"அந்தம்மாவுக்கு வயசாயிருச்சு. யார் சொல்றதும் காதுல ஏறல. சொன்னதச் செய்யற ஆள் ஒருத்தர் வேணும். வேலையும் அவருக்குத்தான், வீடும் அவருக்குத்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உன் பேர்ல மாத்திடலாம்" என்றார்.

வீடு என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு மற்றதெல்லாம் எனக்குக் கேட்கவில்லை.

அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. அன்றைக்கு அவள் என்ன செய்வாள் தெரியுமா? பஸ் ஏறிப் போய் மற்ற பூங்காக்களின் புல்லைப் பார்த்துவிட்டு வருவாள். சினிமா இல்லை, கோயில் குளம் இல்லை. சாயங்காலம் வந்து, "அந்த ரயில்வே ஆபீஸ் புல்லைப் பாத்தேன், வெட்டற பிளேடு மொட்டை, நுனியெல்லாம் பிஞ்சு போயிருக்கு" என்று தங்கையிடம் சொல்வாள். ஊரில் உள்ள புல்லையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்கு லீவு எடுத்த மாதிரி.

கிளப்புக்கும் அன்றைக்குத்தான் லீவு, வாட்ச்மேனோ பல் டாக்டர் பேச்சைத் தட்டாதவன். அந்த லீவு நாளில், காலை எட்டரை மணிக்கு அவள் பஸ் ஏறியதும், நான் மெஷினை வெளியே தள்ளினேன். மண்ணை நனைக்கவில்லை. மண் கல்லாக இருந்தது, குழாய் இறங்கவில்லை. மெஷின் மேல் இரண்டு மணல் மூட்டையை ஏற்றினேன். இறங்கியது. எவ்வளவு ஓட்டையோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, மூன்று முறை, நாலு முறை போனேன். குச்சிகள் நடுவது ஞாபகத்துக்கு வந்தது. வந்ததும், 'அதெல்லாம் அவளோட பந்தா' என்று விட்டுவிட்டேன். இதை நான் மறைக்கவில்லை: ஓட்ட ஓட்ட எனக்கு ஒரு வெறி வந்தது. ஒவ்வொரு வரிசையும் அவள் எனக்குச் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் பதில் மாதிரி இருந்தது. அந்தக் கத்திரிக்கு ஒன்று. அந்த நோட்டுக்கு ஒன்று. டக், டக்கென்று எதுவோ நொறுங்கும் சத்தம் அங்கங்கே கேட்டது. நான் நிறுத்தவில்லை.

ஐந்து மணிக்கு வந்தாள். நான் ஸ்டோர் வாசலில் நின்றிருந்தேன். புல்வெளியின் விளிம்பில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், பதிலும் தயாராக இருந்தது. அவள் திட்டவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். எழுந்து நொறுங்கிய ஸ்பிரிங்க்ளர் தலைகளை ஒவ்வொன்றாகத் தேடி எண்ணினாள். பதினொன்று. என்னிடம் வந்தாள்.

"யாரு?"

"எனக்கெப்படித் தெரியும் அண்ணி? நான் உள்ள கணக்குப் பாத்துட்டிருந்தேன்."

என் செருப்பைப் பார்த்தாள். அதில் செம்மண் புழுதி அப்பியிருந்தது. மணல் குவியலுக்குப் போனாள். ஒரு சட்டி மணலை எடுத்துக்கொண்டு போய் ஓட்டைகளில் கையால் தூர்க்க ஆரம்பித்தாள். என் மனைவியும் போய்க் கூட உட்கார்ந்தாள். ஒன்றரை ஏக்கர். கையால்.

விழா வரும்வரை பல் டாக்டர் விட்டாரா? பச்சை வரவில்லை, பச்சை வரவில்லை என்று வாட்ச்மேனிடம் சொல்லிக் காலையும் மாலையும் தண்ணீரைத் திறக்க வைத்தார். தலை உடைந்த குழாய்களிலிருந்து தண்ணீர் பொங்கி, தூங்குகிற புல் மேல் குளம் கட்டியது. ஆணி மூடுவாள், அவர் திறக்கச் சொல்வார். விழா அன்று சிறப்பு விருந்தினர் மேடைக்கு நடந்து வந்தவர், பாதி வழியில் நின்றுவிட்டார். அடுத்த காலை எடுத்தார். கால் வந்தது, ஷூ வரவில்லை. ஒரு காலில் சாக்ஸோடு அவர் மேடையேறினார். ஐம்பதாம் ஆண்டு மலரில் அந்தப் படத்தைப் போடவில்லை.

விசாரணை வைத்தார்கள். நீள மேஜை, ஏழு பேர், ஆளுக்கொரு டீ. பல் டாக்டர் பச்சைப் பிள்ளை போல் முகத்தை வைத்துக்கொண்டு, "நான் ஒரு யோசனைதான் சொன்னேன். அந்தம்மா கோவத்துல இப்படிச் செஞ்சுட்டாங்க" என்றார். அவர் கண் என் மேல் இருந்தது. ஒருவர் என்னைக் கேட்டார்: "மெஷின் உங்க பொறுப்புலதானே இருக்கு? அன்னைக்கு அத எடுத்தது யாரு?"

நான் பேச ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷத்தில் நான் மனுஷனாக இருந்திருக்கலாம்.

"அண்ணிதான் எடுத்தாங்க" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தன் லீவு நாளுக்கு அவளால் யாரைச் சாட்சி சொல்லக் கூப்பிட முடியும்? எந்தப் பூங்காவின் புல்லைக் கூப்பிடுவாள்? மேஜையைப் பார்த்துப் பேசினாள். குரல் அதே குரல்தான், உயரவில்லை.

"என்னை அனுப்பணும்னா அனுப்புங்க. வீட்டையும் விட்டுர்றேன். ஆனா நான்தான் இந்த ஓட்டையப் போட்டேன்னு எழுதாதீங்க. சொன்ன வேலையச் செய்ய மாட்டேன்னு சொன்னதுக்காக அனுப்பறோம்னு எழுதுங்க. அதுல பொய் இல்ல. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். வேற மாதிரி எழுதுனீங்க, தினம் இந்த வாசல்ல வந்து உக்காருவேன். வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் சொல்லுவேன்."

மூலையில் இருந்த ஒரு வயதான உறுப்பினர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஒரு நிமிஷம். செய்ய மாட்டேன்னும் சொன்னாங்க, செஞ்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். பல் டாக்டர், "டீ ஆறுது சார்" என்றார். அத்தோடு முடிந்தது.

வேலையும் வீடும் போகிறது, அவள் ஒரு வரிக்காக நின்றாள். எனக்கு அன்றைக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அவள் கேட்டபடியே எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தாள், வரி வரியாக. கையெழுத்துப் போட்டாள். ஒரு இரும்புப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். அன்று சாயங்காலமே ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். என் மனைவி வாசல் வரை போய், அவள் முந்தானையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

நீயும் போய்விடுவாய் என்று நினைத்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அதற்குப் பதில் சொன்னாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

"விசாரணையில நீங்க பேசுனப்ப நான் ஜன்னலுக்கு வெளியதான் நின்னேன். எங்கயும் போக மாட்டேன். போனா உங்களுக்கு நிம்மதி. இங்கயே இருப்பேன். தினம் காலைல எழுந்து நீங்க என் மூஞ்சியப் பாக்கணும்."

சொன்னபடியே இருக்கிறாள். முன்னறையில் நான் காலை நீட்டிப் படுக்கிறேன். அவள் பின்னறையில் மோட்டார் சத்தத்தில் படுக்கிறாள். வாரம் ஒரு நாள் அக்காவைப் பார்க்கப் போகிறாள். என்ன பேசினாய் என்று நான் கேட்பதில்லை. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. வார்த்தைதான் வருவதில்லை.

வெயில் திரும்பியது. செத்துவிட்டது என்று எல்லோரும் கைகழுவிய புல், கீழே ஓடிய கொடியிலிருந்து தானாக எழுந்து வந்தது. யாரும் ஒன்றும் செய்யவில்லை, நான் உள்பட. பாதிக்குப் பாதி களை, ஆங்காங்கே வழுக்கை, ஆனாலும் பச்சை. புது ஆளுக்கு ராசியான கை என்று உறுப்பினர்கள் என் தோளில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் உடம்பு கூசியது. பல் டாக்டர் அடுத்த தேர்தலில் காணாமல் போயிருந்தார். புதுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை முறைப்படி ஓட்டை போட்டுடுங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஒரு தடவை தப்பித்த புல்லை இன்னொரு தடவை கொன்றால் வேலையும் போகும், வீடும் போகும். அதைவிட, அதே புல்லை இரண்டாவது தடவை கொல்ல எனக்கு மனசு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டாம். என் மனைவியும் நம்ப மாட்டாள்.

ஆணி ஊரின் மறுகோடியில் ஒரு ஆஸ்பத்திரி வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான் போன நேரம், அங்கே ஒரு நர்ஸைப் பாதையில் போகச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணி, ஓட்டை போடணுங்கறாங்க. எப்படின்னு சொல்லுங்க."

முகத்தில் அடித்தாற்போல் ஏதாவது சொல்லித் துரத்துவாள் என்று நினைத்தேன். துரத்தினால் போதும் என்றுகூட இருந்தது. அவள் களை கொத்தக் கையில் வைத்திருந்த களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். களையை முதலில் எடு. மெஷினை இப்போதே தொடாதே, புல்லை இன்னும் இரண்டு முறை வெட்டு. முந்தின நாள் எவ்வளவு நேரம் தண்ணீர். எந்த மூலையில் குழாய் மேலாக ஓடுகிறது. வழுக்கை விழுந்த இடத்தில் எங்கிருந்து கொடியை வெட்டி நட வேண்டும். எத்தனை நாள் அந்தப் பக்கம் ஆளை விடக் கூடாது. எதையும் மறைக்கவில்லை.

"திருப்பிச் சொல்லு" என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை, ஒருமையில் பேசினாள்.

நடைபாதையில் நோயாளிகள் பார்க்க, நின்றபடி நான் ஒப்பித்தேன். இரண்டு இடத்தில் தப்பு. திருத்தினாள். மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன்.

"அண்ணி, நான் பண்ணுனதுக்கு நீங்க என்னைச் செருப்பால அடிச்சிருக்கணும். இப்படி எல்லாத்தையும் உக்காரவெச்சு சொல்லிக் குடுக்கறீங்க."

"உன்னை எங்க உக்காரவெச்சேன்?" என்றாள். களைக்கொட்டை எடுத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தபடியே சொன்னாள்: "உன் மேல எனக்கு இருக்கற கோவம் சாகற வரைக்கும் போகாது. ஆனா அதை நான் புல்லு மேல காட்ட மாட்டேன். அது உன் குணம்."